சென்னையின் என்றொரு பெயர்

ஆடி பிறந்து, மாலைப்பொழுதில் மேற்கே மேகம் திரண்டு, பெரியமேட்டுத் தெருக்களில் பதனிட்ட தோலின் வாடை ஈரக்காற்றோடு கலந்து வரத் தொடங்கிவிட்டால், கால்பந்தாட்டத்தில் அபிமானம் வைத்தவனுக்கு ஆண்டின் மிக நீண்ட காலம் ஆரம்பமாகிறது. ஆட்டம் கிடையாது, ஆட்டத்தைப் பற்றிய நினைவு இல்லாத நாழிகையும் கிடையாது. பெரம்பூரில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் நடந்து வேலைக்குப் போகும் நான், நேரு விளையாட்டரங்கத்தின் பூட்டிய கதவைக் கடக்கும்போதெல்லாம், நடை சார்த்தியிருக்கும் கோயிலின் வாசலில் நிற்கும் பக்தனைப் போல ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் செல்கிறேன்.

அந்த இடத்துக்கு நீண்ட ஞாபகம் உண்டு. முதியோர் கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்று வழங்கிய அதே மண்ணில்தான் 1956 ஜனவரியில் வினூ மன்கடும் பங்கஜ் ராயும் நியூஸிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் சேர்த்தார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்தச் சாதனையை உலகில் ஒருவரும் கடக்கவில்லை. கிரிக்கெட் பிற்பாடு சேப்பாக்கத்துக்கே திரும்பிவிட்டது. 1993-இல் அரங்கம் புதிதாக எழுப்பப்பட்டு நேரு தங்கக் கோப்பைப் போட்டி அங்கே நடந்தது. 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது நம் ஊர் அணி நீலச்சட்டை அணிந்து அங்கே குடிபுகுந்தது.

அந்த அணியின் பெயரைப் பற்றி நான் நெடுநாளாக யோசித்து வருகிறேன். சென்னையின் எஃப்.சி. என்பது பெயர். கொல்கத்தாவிலோ மும்பையிலோ இருந்து பார்ப்பவர்களுக்கு அது இனிய ஓசையுள்ள ஒரு சொல், அவ்வளவுதான். தமிழ்க் காதுக்கோ அது வேற்றுமை உருபோடு நிற்கும் பெயர். அடுத்து ஒரு சொல்லை எதிர்பார்த்து நிற்கும் பெயர். சென்னையின் தெரு, சென்னையின் மழை, சென்னையின் பிள்ளை என்று ஏதேனும் ஒன்று பின்னால் வந்தாலொழிய நம் மனம் அமைதி கொள்வதில்லை. ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் அந்தக் காலியிடத்தில் எந்தச் சொல்லை எழுதப் போகிறார்கள் என்பதே என் கவலை. இக்கட்டுரையின் விஷயமும் அதுவே.

பருவம் தொடங்குமுன் எங்கும் கேட்கும் கேள்வி ஒன்றே. எங்கள் தெருமுனையில் டீக்கடை வைத்திருப்பவர் மலப்புரத்துக்காரர்; மஞ்சள்சட்டைக் கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கு ஆயுட்கால அடிமை. கண்ணாடி தம்ளரை என் முன் வைக்கும்போதே, "சாரே, இந்த வருஷம் உங்க டீமுக்கு யாரு வர்றாங்க?" என்பார். எந்தப் பிரேஸில்காரர், எந்த ஸ்காட்லாந்துக்காரர், எவ்வளவு காலத்து ஒப்பந்தம் என்பதையெல்லாம் நானும் அறிந்தவரை சொல்வேன். ஆனால் அந்தக் கேள்வியில் என் மனம் லயிப்பதில்லை. யார் வருகிறார்கள் என்பதைவிட, போன வருஷம் நம்மோடு நின்றவர்களில் யார் இன்னும் இருக்கிறார்கள் என்று கேட்பதல்லவா விசுவாசமுள்ள ரசிகனுக்கு அழகு? வீட்டுக்கு விருந்தாளி வருவது சந்தோஷம்தான். வருஷாவருஷம் வீட்டில் விருந்தாளிகள் மாத்திரமே இருந்தால் அதைக் குடும்பம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அபிமானம் என்பது பழக்கத்தால் வளர்வது. மிஸோரம் மாநிலத்திலிருந்து வந்த ஜேஜே லால்பெக்லுவா 2014-இல் நம் சட்டையை அணிந்து, 2015-லும் 2018-லும் கோப்பை வென்ற அணிகளில் ஆடி, 2020 வரை இங்கிருந்தார். மலைநாட்டுப் பிள்ளையான அவருக்கு நம் மொழி சொந்தமில்லை. ஆயினும் அவர் பந்தோடு இடப்பக்கம் திரும்பினால் காலரியில் பன்னிரண்டு வயதுச் சிறுவன்கூட அடுத்து நடக்கப்போவதை அறிந்து எழுந்து நிற்பான். அந்த அறிவு ஆறு வருஷப் பழக்கத்தின் பலன். டேராடூனின் அனிருத் தாப்பா 18 வயதில் 2016-இல் வந்தார். நடுக்களத்தில் அவர் தயங்கியதையும், தவறியதையும், தேறியதையும், தலைமை ஏற்றதையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டோம். 2023-இல் அவர் மோகன் பகானுக்குச் சென்றபோது எனக்கு உண்டான துக்கம் ஓர் ஆட்டக்காரரை இழந்த துக்கம் மாத்திரமன்று. கூட இருந்து வளர்த்த ஏழு வருஷங்கள் இன்னொருவர் வாசலில் போய் நின்ற துக்கம். அவரை நான் குறை சொல்லவில்லை. ஓர் ஆட்டக்காரரின் ஆயுள் குறுகியது; தம் தொழிலுக்குரிய ஊதியத்தையும் கோப்பைகளையும் தேடிச் செல்ல அவருக்குப் பூரண பாத்தியதை உண்டு. அவரைத் தங்கவைக்கும் பிரயாசை போதுமா என்பதைத்தான் கேட்கிறேன்.

பயிற்சியாளர்கள் விஷயத்திலும் இதே அபிப்பிராயம்தான். ஜான் கிரிகரி 2019-இல் விலகினார். அதன்பின் 2023-க்குள் கோய்ல், லாஸ்லோ, பாண்டோவிச், பிர்தாரிச், மறுபடி கோய்ல் என்று ஆசனம் கைமாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொருவரும் தமக்கென்று ஓர் ஆட்டமுறை கொணர்ந்தார்கள். அது ஆட்டக்காரர்களின் கால்களில் ஊறுமுன் புறப்பட்டார்கள். நெல் கதிர் விடுமுன் வயலை மறுபடி உழுபவனுக்கு எந்தப் பட்டத்திலும் அறுவடை இல்லை.

நிலைத்து நிற்பதன் அருமையை நான் உணர்ந்த வருஷம் 2015. அவ்வாண்டு டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் நகரமே ஏரியாயிற்று. அரையிறுதியில் கொல்கத்தாவோடு நம் ஊரில் ஆடவேண்டிய ஆட்டத்தைப் புனேக்கு மாற்றினார்கள். அடையாற்றங்கரையில் ஜனங்கள் மெத்தைகளையும் பள்ளிப் புத்தகங்களையும் மாடிச்சுவரில் உலர்த்திக்கொண்டிருந்த அந்நாட்களில் கால்பந்தை நினைப்பதே பாவமென்று சிலருக்குத் தோன்றியிருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சேறு வழித்துக் களைத்த மாலையில், எங்கோ அயலூரில் ஏறக்குறைய அந்நியர்களின் நடுவே, நம் ஊரின் பெயரைத் தாங்கியவர்கள் 3-0 என்று வென்ற செய்தி வந்தபோது, எங்கள் தெருவில் ஆட்டத்தையே அறியாத கிழவி ஒருத்தி, "நம்ம புள்ளைங்களா ஜெயிச்சாங்க?" என்று கேட்டாள். ஆமாம் பாட்டி, நம்ம பிள்ளைகள்தான் என்றேன். எட்டு நாள் கழித்து கோவாவின் ஃபடோர்டா மைதானத்தில் இறுதியாட்டம். 87-ஆம் நிமிஷத்தில் 1-2 என்று பின்தங்கிய அணி, ஆட்டம் முடியும் தறுவாயில் எதிரணிக் கோல்காவலரின் கைப்பட்டு வந்த கோலால் சமன் செய்து, கொலம்பியாவின் மெண்டோசா அடித்த கோலால் 3-2 என்று கோப்பையை ஏந்தியது. அன்று அந்தக் காலியிடத்தில் எழுத ஒரு சொல் கிடைத்திருந்தது.

பாட்டியின் கேள்வி அதன்பின்பு என்னை விட்டு அகலவில்லை. நம்ம பிள்ளைகள் எத்தனை பேர்? 2018 மார்ச் 17-இல் பெங்களூரு அணியை அவர்களுடைய கண்டீரவா அரங்கிலேயே 3-2 என்று வென்றபோது, நடுக்களத்தில் தனபால் கணேஷ் இருந்தார், வியாசர்பாடிப் பிள்ளை. இரண்டு கோல்களைத் தலையால் முட்டிய மெயில்ஸன் ஆல்வஸைக் கொண்டாடியதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் வியாசர்பாடியில் அன்றிரவு வெடித்த வெடிகள் கணேஷுக்காகவே என்று நான் நிச்சயமாகச் சொல்வேன். காலுறை வாங்க வழியில்லாத சிறுவர்கள் செங்கல்லைக் கோல் கம்பமாக வைத்து ஆடும் அந்தப் பேட்டையில், ஒருவன் அங்கிருந்து புறப்பட்டுக் கோப்பையைத் தொட்டான் என்ற செய்திக்கு எத்தனை பயிற்சி முகாம்களும் ஈடாகா.

பிறரோ வெளியே சென்று பெயர் எடுத்தார்கள். 2023 ஆகஸ்டு 12-இல், டியூராண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதியபோது, ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தவர் சென்னைப் பிள்ளை நந்தகுமார் சேகர். அந்தக் கோலுக்காகக் கொல்கத்தாவின் பாதி அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கோரத்தில் தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, நீரோடி என்று அலைக்கும் தென்னைக்கும் இடையே நெருங்கிக் கிடக்கும் கிராமங்கள் இருக்கின்றன. ஆழ்கடலில் சுறா வேட்டைக்குப் போகும் ஆண்களும், கரையில் பந்தைத் துரத்தும் சிறுவர்களுமாக வாழும் ஊர்கள் அவை. மணலில் ஓடிப் பழகிய கால் புல்லில் சோர்வதில்லை என்பார்கள். அங்கிருந்து மாநில அணிக்குச் சென்றவர்களைப் பார்த்தால் அதில் உண்மை இருக்கிறதென்றே தோன்றுகிறது. இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் 2019-20 பருவத்தில் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியில் இருந்தார். அப்பருவத்தின் இறுதியாட்டத்தில், கொள்ளைநோய்க்கு அஞ்சி ஒரு ரசிகரையும் அனுமதிக்காத மைதானத்தில், அந்த ஏ.டி.கே. நம்மை 3-1 என்று வீழ்த்தியது. தோல்வியைத் தாங்கிக்கொண்டேன். நம் கடற்கரைப் பிள்ளை எதிர்த்தரப்பில் இருந்ததைத் தாங்குவது கடினமாக இருந்தது.

விதிகள் நம் பக்கம் திரும்பியிருக்கின்றன என்பதையும் சொல்லவேண்டும். லீக் பிறந்த காலத்தில் களத்தில் 6 அயல்நாட்டார் ஆடலாம்; 2017-இல் அது 5 ஆயிற்று; 2021 முதல் 4. ஆகவே 7 இடங்கள் இந்தியர்களுக்கு. அந்த ஏழில் இருவரேனும் தமிழ்நாட்டில் பந்து பழகியவர்களாக இருக்கவேண்டும் என்பது பேராசையா? நீலகிரி வெலிங்டனிலிருந்த மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணி 1955-லும் 1958-லும் டியூராண்ட் கோப்பையை வென்ற மாநிலம் இது. அந்த அணியில் வளர்ந்த பீட்டர் தங்கராஜ் 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தென்கொரியாவை வென்று தங்கம் பெற்ற இந்திய அணியின் கோல்காவலர். தஞ்சை மண்ணின் சைமன் சுந்தர்ராஜ் அவரோடு 1960 ரோம் ஒலிம்பிக்கிற்குச் சென்றவர். பெண்களோ நம்மை முந்திவிட்டார்கள்: 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன் பட்டம் தமிழ்நாட்டுக்கே வந்தது, மதுரையின் சேது அணி 2019-இல் இந்தியப் பெண்கள் லீகை வென்றது. கடலூர் இந்துமதி கதிரேசன் ஆடும் ஆட்டத்தை ஒரு முறை பார்த்தவர், இந்த மண்ணில் திறமைக்குப் பஞ்சம் என்று சொல்ல நாக்கூசுவார்.

ஸ்திரமில்லாத அஸ்திவாரத்தின்மேல் எவ்வளவு அழகாகக் கட்டினாலும் என்ன ஆகும் என்பதைக் கோயமுத்தூர் கண்டது. சென்னை சிட்டி அணி அங்கே குடியிருந்து, 2019 மார்ச்சில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் பட்டத்தைப் பெற்றது. பெட்ரோ மான்ஸி என்ற உருகுவேக்காரர் அந்தப் பருவத்தில் 21 கோல்கள் அடித்தார். மூன்று வருஷத்திற்குள் அந்த லீகில் அந்தப் பெயரே இல்லை. ஆட்டம் பார்க்கத் திரண்ட ஜனங்கள் மறுபடி எதைப் பார்க்கப் போவார்கள்? 2025-இலோ நம் அனைவருக்கும் அந்தப் பயம் வந்துவிட்டது. இந்தியக் கால்பந்தின் வணிக உரிமைக்காக 2010-இல் 15 வருஷத்திற்குச் செய்த ஒப்பந்தம் முடிவடையப் போகிறது, புதியது கையெழுத்தாகவில்லை என்ற காரணத்தால், அவ்வாண்டு ஜூலையில் லீகை நிறுத்தி வைத்தார்கள். செப்டம்பரில் பந்து உருளவில்லை. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் உண்டோ இல்லையோ என்ற நிலை. அந்த மாதங்களில் பூட்டிய கதவின் முன் நின்றபோது, இது பருவத்துக்கு முந்தைய காத்திருப்பா, பருவமே முடிந்துபோன மௌனமா என்று தெரியாமல் தவித்தேன். பெரியவர்கள் காகிதங்களில் கையெழுத்திடத் தாமதிப்பதால் இருபது வயது ஆட்டக்காரனுக்குப் போகும் ஒரு வருஷம் எவ்விதத்திலும் திரும்பி வராது.

மலப்புரத்துக்காரரின் அணி 2014, 2016, 2022 ஆகிய மூன்று இறுதியாட்டங்களில் தோற்றது. ஆயினும் கொச்சியில் மஞ்சள் கடல் பொங்குவதை நான் நேரில் கண்டிருக்கிறேன். இரண்டு கோப்பைகள் வென்ற பின்பும் நம் அரங்கத்தில் வெற்றிருக்கைகள் தெரிகின்றன. டிக்கெட் விலை, ஆட்டம் முடிந்தபின் ரயில் கிடைக்காமை என்று காரணங்கள் சொல்கிறார்கள், எல்லாம் மெய்யே. ஆனால் வியாசர்பாடியிலும் பெரம்பூரிலும் ஒவ்வொரு தெருவிலும் ஒரு வீட்டுப் பிள்ளை அந்த நீலச்சட்டையில் ஓடினால், கடைசி ரயில் தவறினாலும் ஜனங்கள் நடந்தேனும் வீடு திரும்புவார்கள்.

சென்ற ஞாயிறு மாலை என் பேரனை ஐ.சி.எப். பக்கத்து மைதானத்துக்கு அழைத்துச் சென்றேன். மழை தூறி ஓய்ந்து மண் இளகியிருந்தது. பத்துப் பதினைந்து பையன்கள். பாதிப் பேருக்குக் காலணி இல்லை. ஒருவன் மாத்திரம் வெளுத்துப்போன நீலச்சட்டை அணிந்திருந்தான்; முதுகில் யாருடைய பெயரோ அச்சடிக்கப்பட்டு, பல தோய்ப்புக்குப் பின் எழுத்துகள் உதிர்ந்து எண் மட்டும் மிஞ்சியிருந்தது. பேரன் என் கையை விட்டு ஓடி, "அண்ணா, நானும் வரட்டா?" என்று அவனிடம் கேட்டான். அவன் பேரனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கோல் கம்பமாக வைத்திருந்த செங்கல்லைக் காட்டி, "அங்க நில்லு, பந்து உள்ளே போகக் கூடாது" என்றான். விளக்கு வைக்கும் வரையில் நான் மைதானத்தின் ஓரத்திலேயே நின்றிருந்தேன்.