பதவியும் கால எல்லையும்

மக்களாட்சியில் ஒருவரைப் பதவியில் அமர்த்துவதற்கு விதிகள் உண்டு. அகற்றுவதற்குத் தேர்தல் உண்டு. ஆயினும், ஒருவரே எத்தனை முறையும் அப்பதவியில் தொடரலாமா என்னும் வினா உலக நாடுகள் பலவற்றிலும் இன்றளவும் தீராத விவாதமாகவே இருந்து வருகிறது. தேர்ந்தெடுக்கப்பெறும் தலைவர்க்கு மட்டுமன்றி, அரசால் அமர்த்தப்பெறும் உயர் அலுவலர்க்கும் இவ்வினா பொருந்தும். நாளை பொறுப்பேற்கவிருக்கும் மாணவரும், இன்று பொறுப்பிலிருக்கும் பெரியோரும் ஒருங்கே படிக்கும் இம்மலரில் இதனை ஆராய்வது தகும் எனக் கருதுகிறோம்.

உத்தரமேரூர் காட்டும் நெறி

கால எல்லை என்பது மேலைநாட்டார் தந்த கருத்து என எண்ணுவோர் உளர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் அவ்வெண்ணத்தை மாற்ற வல்லன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடவோலை முறையில் வாரிய உறுப்பினரைத் தேர்ந்த விதத்தை அவை விரித்துரைக்கின்றன. உறுப்பினரின் பணிக்காலம் 360 நாள். முந்தைய மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவர் பெயரைக் குடத்தில் இடுதல் கூடாது. கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவர்தம் நெருங்கிய உறவினரும் தகுதி இழந்தனர்.

அச்சபை அந்தணர் ஊரின் சபை. நிலமும் வேதக் கல்வியும் உடையோர்க்கே அதில் இடமிருந்தது. பெண்டிர்க்கும் உழைக்கும் மக்களுக்கும் இடமில்லை. எனவே அதனை முழுமையான மக்களாட்சி என்று போற்றுதல் மிகை. ஆயினும், பதவி ஒருவரிடமே தேங்கலாகாது, கணக்குக் காட்டாமல் மீண்டும் வரலாகாது என்னும் இரு நெறிகளை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம் மண்ணில் எழுதி வைத்தனர் என்பது மறுக்கவொண்ணாதது.

மரபு போதுமா, சட்டம் வேண்டுமா?

அமெரிக்காவின் முதற் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன், இருமுறை பதவி வகித்தபின் மூன்றாம் முறை நிற்பதில்லை என 1796 இல் அறிவித்தார். சட்டம் எதுவும் அவரைத் தடுக்கவில்லை. பின்வந்தோர் எவரும் இருமுறைக்கு மேல் அப்பதவியை வகிக்கவில்லை. அம்மரபு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு நின்றது. 1932, 1936, 1940, 1944 என நான்கு முறை வென்ற பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலத்தில் அது உடைந்தது. அதன் பின்னரே 22 ஆம் திருத்தம் 1951 இல் நிறைவேறி, ஒருவர் இருமுறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்படலாகாது என விதித்தது.

சட்டத்தையும் மாற்றலாம் என்பதற்கு அண்டை நாடாகிய இலங்கை சான்று. அங்கு 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு விதித்த இருமுறை எல்லையை 2010 இல் வந்த 18 ஆம் திருத்தம் நீக்கியது. அதன் துணையால் மூன்றாம் முறை நின்ற மகிந்த ராஜபக்ச 2015 சனவரியில் தோல்வியுற்றார். அவ்வாண்டே 19 ஆம் திருத்தத்தால் எல்லை மீண்டது. சீனத்திலோ 2018 இல் நீக்கப்பெற்ற எல்லை மீளவில்லை. அதிகாரத்தில் இருப்பவரே தம் எல்லையைத் தாமே அழித்துக்கொள்ளும் வாய்ப்பு எங்கும் உண்டு என்பதனை இவை உணர்த்துகின்றன.

மறுப்போர் கூற்று

எல்லையை மறுப்போர் கூறுவனவும் எளிதில் ஒதுக்கத்தக்கன அல்ல. மக்கள் விரும்பும் ஒருவரைத் தடுப்பது வாக்குரிமையைக் குறைப்பதாகும் என்பர். பட்டறிவு வீணாகும் என்பர். மீண்டும் நிற்க இயலாதவர்க்கு மக்களிடம் அச்சம் ஏது என வினவுவர். கலிபோர்னியா மாநிலம் 1990 இல் கீழவை உறுப்பினர்க்கு ஆறாண்டு என்னும் குறுகிய எல்லையை விதித்தது. தொழில் பழகுமுன் உறுப்பினர் வெளியேறுகின்றனர் என்னும் குறை எழ, இரு அவைகளிலும் சேர்த்துப் பன்னிரண்டு ஆண்டு என 2012 இல் அது மாற்றப்பட்டது.

எனவே எல்லாப் பதவிக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. சட்டமன்ற உறுப்பினர் பலருள் ஒருவர். அவர் நெடுங்காலம் இருப்பதால் நாடு அவர் கையில் சிக்குவதில்லை. அவர்க்கு எல்லை வேண்டுவதில்லை. ஆட்சித் தலைமையோ காவலையும் கருவூலத்தையும் நியமனங்களையும் ஒருவர் கையில் சேர்ப்பது. ஆண்டுகள் கூடக் கூட, அவரைக் கண்காணிக்க வேண்டியவர் அனைவரும் அவராலேயே அமர்த்தப்பெற்றவராகி விடுகின்றனர். அந்நிலையில் வாக்குரிமை இருந்தும் போட்டி சமமாக இராது. இந்தியாவில் பிரதமர்க்கும் முதலமைச்சர்க்கும் இத்தகைய எல்லை இல்லை. இருமுறை என்னும் எல்லை இங்கும் வேண்டும் என்பது நம் கருத்து.

அமர்த்தப்பெறும் அலுவலர்

தேர்தலைச் சந்திக்காத அலுவலர் பற்றி நாம் பேசுவது குறைவு. நம் அரசியலமைப்பை வகுத்தோர் இதில் விழிப்புடன் இருந்தனர். தேர்வாணைய உறுப்பினர் தம் காலம் முடிந்தபின் அப்பதவிக்கு மீண்டும் அமர்த்தப்படலாகாது என 316 ஆம் பிரிவு கூறுகிறது. தலைமைக் கணக்குத் தணிக்கையர் ஓய்வுக்குப்பின் மைய, மாநில அரசுப் பதவி எதுவும் ஏற்றலாகாது என்பது 148 ஆம் பிரிவு. வரவிருக்கும் பதவியை எதிர்நோக்குவோன் கணக்கை நேர்மையாய்ப் பாரான் என்பதே இதன் உட்பொருள்.

இந்நெறிக்கு மாறாக, மையப் புலனாய்வுத் துறை, அமலாக்கத் துறை ஆகியவற்றின் இயக்குநர்க்கு ஓராண்டு ஓராண்டாக நீட்டித்து மொத்தம் ஐந்தாண்டு வரை பதவி தரலாம் என 2021 இல் சட்டங்கள் திருத்தப்பட்டன. உச்சநீதிமன்றம் 2023 இல் அத்திருத்தங்கள் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. சட்டப்படி செல்வது வேறு. நெறிப்படி நன்றாவது வேறு. ஆண்டுதோறும் நீட்டிப்பை எதிர்பார்த்திருக்கும் அலுவலர், அதனை வழங்குவோரை எங்ஙனம் தயக்கமின்றி விசாரிப்பார்? தொடக்கத்திலேயே ஐந்தாண்டு என உறுதி செய்து, நீட்டிப்பே இல்லை என்பது சாலச் சிறந்தது.

அமானிதம் என்னும் பார்வை

இஸ்லாமிய வரலாற்றில் நேர்வழி நின்ற கலீஃபாக்கள் வாழ்நாள் முழுமைக்கும் பொறுப்பேற்றனரே, கால எல்லை எங்கே என்று கேட்கப்படலாம். உண்மை, ஆண்டுக் கணக்கிலான எல்லை அன்று இல்லை. ஆனால் பதவி அமானிதம், அது உரிமைச் சொத்தன்று என்னும் எல்லை இருந்தது. வெற்றிகள் குவிந்த காலத்திலேயே உமர் (ரலி) அவர்கள் காலித் பின் வலீத் (ரலி) அவர்களைத் தலைமைத் தளபதிப் பொறுப்பிலிருந்து விடுவித்தார்கள். வெற்றி இறைவனால் அன்றி ஒரு மனிதரால் வருகிறது என மக்கள் மயங்கலாகாது என்பதே காரணம் என வரலாற்றாசிரியர் குறிப்பர். காலித் (ரலி) அவர்களும் அபூ உபைதா (ரலி) அவர்களின் தலைமையின்கீழ்ப் போர்ப்பணி ஆற்றினார்கள். தமக்குப் பின் கலீஃபாவைத் தேர உமர் (ரலி) அவர்கள் அறுவர் குழுவை அமைத்தபோது, தம் மைந்தர் அப்துல்லாஹ் அவர்கள் ஆலோசனை கூறலாம், பதவி பெறலாகாது என்றும் விதித்தார்கள்.

நாட்டுத் தலைவர்க்கு எல்லை கேட்கும் நாம், நம் பள்ளிவாசல் ஜமாஅத்துகளையும் அறக்கட்டளைகளையும் சங்கங்களையும் மறந்துவிடலாகாது. பல ஊர்களில் முத்தவல்லியும் செயலாளரும் பொருளாளரும் பல்லாண்டுகளாக மாறுவதில்லை. அவர்களுள் பெரும்பாலோர் தன்னலமின்றி உழைப்பவரே. அவர்தம் உழைப்பை மதிப்பதற்கும், அவர்க்குப்பின் ஆளில்லாமற் போவதற்கும் தொடர்பில்லை. நாற்காலியில் அமர்ந்து பழகாத இளைஞன் ஒருநாள் திடீரெனப் பொறுப்பேற்றால் தடுமாறவே செய்வான். அத்தடுமாற்றத்தைக் காட்டியே மூத்தோர் தொடர்வதும், தொடர்வதனாலேயே இளையோர் பழகாதிருப்பதும் ஒரு வட்டமாய்ச் சுழல்கின்றன.

இவ்வட்டத்தை உடைப்பது அரிதன்று. இரு பணிக்காலம் முடித்தவர் ஒரு காலம் விலகி நிற்றல், ஆண்டுக் கணக்கைப் பொதுவில் வைத்தல், விலகியவரை ஆலோசகராக அமர்த்தல் என்னும் மூன்று விதிகளை நம் நிருவாகக் குழுக்கள் தாமே ஏற்கலாம். பெரியோர் தம் காலத்திலேயே அடுத்தவரை அமர்த்தி, அவர் அருகிருந்து வழிகாட்டுவாராயின் பட்டறிவும் வீணாகாது, பதவியும் தேங்காது. அதனைக் கண்டு வளரும் மாணவர், நாளை நாடாளும் மன்றங்களிலும் அதே எல்லையைக் கேட்கும் தகுதி பெறுவர்.