பூதத்தோடு பேரம்!

சாப்பாட்டு மேஜை. அதைச் சுற்றி ஐந்து பேர். ஒருவர் பகடையை உருட்டுகிறார். "பூதத்தை அழைக்கிறேன்" என்கிறார்.

பூதம் வந்துவிடுகிறது! கண்ணுக்கு முன்னால் அல்ல, கதைக்குள்ளே.

அமெரிக்காவில் பிறந்த இந்த விளையாட்டுக்கு "டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" என்று பெயர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கிய இது, 1974-ம் ஆண்டில் வெளிவந்தது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் வீரனாகவும், மந்திரவாதியாகவும், திருடனாகவும் பேசி நடிப்பார்கள். நினைத்தது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும்.

கூலி எவ்வளவு?

நம் சினிமாவில் வரும் பூதம், கேட்டதை எல்லாம் கொடுக்கும். இந்த விளையாட்டுப் பூதமோ கறாரான பேர்வழி! கூலி பேசாமல் துரும்பைக் கூட அசைக்காது.

2014-ம் ஆண்டு விதிப் புத்தகத்தில் கூலி விவரமே அச்சாகி இருக்கிறது. நிமிடக் கணக்கில் முடியும் வேலைக்கு, நிமிடத்துக்கு 100 பொற்காசு. மணிக் கணக்கு என்றால், மணிக்கு 1,000. நாள் கணக்கு என்றால், நாளுக்கு 10,000. ஆபத்து இல்லாத வேலைக்குப் பாதிக் கூலி போதும். சாகப் போ என்றால் பெரும்பாலும் போகாது.

கூலி கொடுக்க மனம் இல்லாதவன், வேறு மந்திரத்தால் பூதத்தைக் கட்டிப்போடப் பார்க்கலாம். ஒரு மணி நேரம் ஓதவேண்டும். 1,000 பொற்காசு பெறுமான நகை அதில் அழிந்து போகும். பலித்தால், கட்டு சாதாரணமாக 24 மணி நேரம் நிற்கும்.

இங்கேதான் ஆபத்து! பூதம் சொன்ன சொல்லுக்குத்தான் கட்டுப்படும். நினைத்த நினைப்புக்கு அல்ல. பகை கொண்ட பூதம், சொல்லைத் திரித்துத் தன் காரியத்தைச் சாதித்துக்கொள்ளும். "வாசலைக் காவல் செய்" என்று சொல்லி, ஜன்னலைச் சொல்ல மறந்தால் போச்சு! ஆகையால் வக்கீல் பத்திரம் எழுதுவதுபோல, ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுப் பேசுகிறார்கள்.

பெற்றோரின் பயம்

"பிள்ளைகள் பிசாசை வணங்குகிறார்கள்" என்று 1980-களில் அமெரிக்காவில் கூக்குரல் எழுந்தது. மகனைப் பறிகொடுத்த ஒரு தாய், 1983-ம் ஆண்டில் எதிர்ப்பு இயக்கமே தொடங்கினார். அந்தத் தாயின் துக்கம் உண்மை. காரணம் என்று அவர் காட்டியதுதான் தவறு. ஆனாலும் 1989-ம் ஆண்டுப் பதிப்பில் பிசாசுகளுக்கு வேறு பெயர் சூட்டிவிட்டார்கள்! 2000-ம் ஆண்டில் பழைய பெயர்கள் திரும்பி வந்தன.

பேரத்தில் ஏமாறும் ஆபத்து வேறு பக்கத்தில் இருந்து வந்தது.

ஒரே ஒரு சொல்

அதே 2000-ம் ஆண்டில், விளையாட்டை வெளியிடும் "விசார்ட்ஸ் ஆப் தி கோஸ்ட்" கம்பெனி ஒரு பொது ஒப்பந்தம் எழுதியது. கம்பெனியின் அடிப்படை விதிகளைக் கொண்டு யாரும் கதைப் புத்தகம் எழுதி விற்கலாம், பங்கு தரவேண்டாம். அதை நம்பிச் சிறு பதிப்பாளர்கள் பலர் தொழில் தொடங்கினார்கள். ஓவியர், எழுத்தாளர் வீடுகளில் அதனால் அடுப்பு எரிந்தது.

20 ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. 2023-ம் ஆண்டு ஜனவரியில், கம்பெனி தயாரித்த புதிய ஒப்பந்த நகல் வெளியே கசிந்தது. ஆண்டுக்கு 7,50,000 டாலருக்கு மேல் விற்றால், அதற்கு மேற்பட்ட தொகையில் 100-க்கு 25 வரை பங்கு கேட்டது. பழைய ஒப்பந்தம் என்ன ஆகும்? "அனுமதி பெற்ற" பதிப்பைப் பயன்படுத்தலாம் என்று அதில் ஒரு சொல் இருந்தது. "பழைய பதிப்புக்கு இனி அனுமதி இல்லை" என்றது புதிய நகல்!

மேஜையில் பூதம் செய்த அதே வேலை! ஜன்னலை மறந்தவர்கள் திகைத்துப் போனார்கள்.

பெரிய கம்பெனிகள் ஓசியில் லாபம் அடிக்கக்கூடாது, கெட்ட புத்தகங்கள் வரக்கூடாது என்பதே நோக்கம் என்று கம்பெனி சொல்லிப் பார்த்தது. அதற்கு ஒப்பந்தத்தையே கவிழ்ப்பானேன்? விளையாடுவோர் சமாதானம் ஆகவில்லை. பலர் இணையதளச் சந்தாவை நிறுத்தினார்கள். கம்பெனி நகலைத் திருத்திக் கருத்துக் கேட்டது. 15,000 பேருக்கு மேல் எழுதினார்கள். 100-க்கு 89 பேர், பழைய ஒப்பந்தத்தைத் தள்ளுவது பிடிக்கவில்லை என்றார்கள்.

ஜனவரி 27-ந் தேதி கம்பெனி பின்வாங்கியது. பழைய ஒப்பந்தத்தில் கைவைக்கவில்லை. அதோடு, அடிப்படை விதிகளை "கிரியேட்டிவ் காமன்ஸ்" என்ற பொது உரிமையிலும் வெளியிட்டது. அந்த உரிமையைக் கொடுத்தவரே திரும்பப் பெற முடியாது என்று, அதிலேயே எழுதி இருக்கிறது. இந்தத் தடவை ஜன்னலுக்கும் பூட்டு!

விளையாட்டின் பெயரும் சில பாத்திரங்களும் கம்பெனியிடமே இருக்கின்றன. பூதத்தை அழைக்கும் மந்திரமும், அதன் கூலிப் பட்டியலும் பொதுவில் வந்துவிட்டன. யாரும் அச்சிடலாம், விற்கலாம், தமிழிலும் எழுதலாம். விதிகள் எங்கே இருந்து எடுக்கப்பட்டன என்று ஒரு வரி போட்டால் போதும்.