அசையும் கால்களும் அடக்கம் செய்யப்படும் சிந்தனையும்

அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறும் பாதையில் 3,550 படிகள் உள்ளன. ஸ்ரீவாரி மெட்டு வழியாக ஏறினால் 2,388. அப்படிகளில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் ஏறுகின்றனர். சிலர் கோவிந்தன் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டு ஏறுவர். சிலர் ஒவ்வொரு படியிலும் மஞ்சளும் குங்குமமும் இட்டு ஏறுவர். சிலர் வாய்க்குள் முணுமுணுத்தபடி, எதிரே வருபவரைக்கூடக் கவனியாது ஏறுவர். அவர்களுள் ஒருவரையேனும் நிறுத்தி, "முதலில் ஓரிடத்தில் அசையாமல் உட்கார், அதன்பின் இறைவனை நினை" என்று எவரும் அறிவுறுத்துவதில்லை. நடக்கும் கால் நினைக்கும் மனத்துக்குத் தடையன்று என்பதை அம்மலை ஐயத்துக்கு இடமின்றி ஏற்றுக்கொண்டிருக்கிறது.

அதே மலையின் அடிவாரத்திலுள்ள திருப்பதியிலும், அப்பால் சித்தூரிலும், மனக்கணக்குப் போடுகையில் எழுந்து நடக்கும் எட்டு வயதுக் குழந்தைக்குக் கிடைக்கும் ஆணை வேறு: "குதுருகா கூர்ச்சோ." எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்தால் அது "ஆடாமல் அசையாமல் உட்கார்" என்றாகிறது. பானை உருளாதிருக்க அதன் அடியில் வைக்கும் புரிமணைக்கும் தெலுங்கில் 'குதுரு' என்பதே பெயர். சொல்லாட்சி தற்செயலானதாக இருக்கலாம். குழந்தையைப் பானையாகக் கருதும் மனநிலை தற்செயலானதன்று.

இங்கே பேசப்படும் குழந்தைகளை ஆசிரியர் அனைவரும் அறிவர். ஒப்பிக்கும்போது சுவருக்கும் சுவருக்குமாக உலாத்துபவர்கள். கதையொன்றைக் கற்பனை செய்கையில் கைகளை உதறுபவர்கள். விடை தேடும் நேரத்தில் பெஞ்சின் நுனிக்கு வந்து காலாட்டிக்கொண்டே இருப்பவர்கள். இவர்களுக்குக் கிடைப்பவை மூன்று: பிரம்படி, பெற்றோருக்கு ஒரு புகார்க் குறிப்பு, அல்லது அரைமணி நேரத்தில் எழுதித் தரப்படும் ஒரு நோய்ப்பெயர். குடும்பத்தின் பொருள்நிலையே இம்மூன்றுள் எது கிடைக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையின் அசைவு 'துறுதுறுப்பு'. கூலித் தொழிலாளியின் பிள்ளையிடம் அதே அசைவு 'திமிர்'. பெண் குழந்தையாயின் மருத்துவமும் இல்லை, துறுதுறுப்பு என்ற பாராட்டும் இல்லை. 'அடக்க ஒடுக்கம் இல்லாதவள்' என்ற தீர்ப்பு மட்டுமே உண்டு.

இந்தத் தீர்ப்புகள் அனைத்துக்கும் அடியில் ஒரே எடுகோள் இருக்கிறது: அசையாத உடலே கவனிக்கும் உடல். இவ்வெடுகோளுக்குச் சான்று எங்கே என்று கல்வியியல் துறைகள் கேட்பதில்லை. கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

முதலில் மொழியைப் பார்க்கலாம். தமிழில் ஆசிரியர் பாடத்தை 'நடத்துகிறார்'. 'நட' என்னும் வினையின் பிறவினை அது. நல்ல உரைநடையாசிரியருக்கு 'நடை' இருக்கிறது. செய்யுளுக்கு 'அடி' இருக்கிறது. நற்பண்புக்கு 'நடத்தை' என்றும் பெயருண்டு. 'ஒழுக்கம்' என்ற சொல்லே 'ஒழுகு' என்பதிலிருந்து பிறந்தது. ஒழுகுதல் என்பது ஓரிடத்தில் நில்லாது செல்லுதல். எதிர்ப்புறத்தில் நிற்பது 'அடக்கம்'. பணிவைக் குறிக்கும் அச்சொல்லே பிணத்தைப் புதைப்பதையும் குறிக்கிறது. சொல்லின் வரலாறு உண்மைக்குச் சான்றாகாது என்பது மொழியியலின் பாலபாடம். ஆகவே இதை நிறுவலாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் 'நம் மரபு அடக்கத்தைப் போற்றுகிறது' என்று மரபைத் துணைக்கு அழைப்பவர்கள், அம்மரபின் சொற்களஞ்சியம் கற்றலையும் நல்லொழுக்கத்தையும் இயக்கச் சொற்களாலேயே பேசியிருப்பதற்கு விடை சொல்லியாக வேண்டும். திருக்குறளின் 'அடக்கமுடைமை' அதிகாரத்தை அவர்கள் எடுத்துக்காட்டக்கூடும். உடலும் மொழியும் மனமும் தீய நெறியில் செல்லாதிருப்பதே அங்கே அடக்கம் என்று பரிமேலழகர் விளக்குகிறார். இரண்டாம் வகுப்பில் காலாட்டுவது எந்தத் தீய நெறி?

அடுத்தது, 'கையைக் கட்டு' என்ற ஆணை. பேசும்போதும் சிந்திக்கும்போதும் எழும் கையசைவு பேச்சுக்கு ஒட்டிய அணிகலன் அன்று. சிந்தனையின் ஒரு பகுதி என்பதைச் சைகை ஆய்வுகள் பல பத்தாண்டுகளாகக் காட்டி வருகின்றன. பிறவியிலேயே பார்வையற்றவர்கள், பார்வையற்ற மற்றொருவரிடம் பேசும்போதும் கைகளை அசைக்கின்றனர் என்பதை 1998இல் ஜானா ஐவர்சனும் சூசன் கோல்டின்-மெடோவும் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். காண்பவரும் இல்லை, கண்டு கற்றதும் இல்லை. எனினும் கை அசைகிறது. கணக்கை விளக்கும்போது கைகளைப் பயன்படுத்துமாறு சொல்லப்பட்ட குழந்தைகள் அதற்கு முன் சொல்லாத சரியான வழிமுறைகளை வெளிப்படுத்தினர் என்றும், பின்னர் நடத்தப்பட்ட பாடத்தால் கூடுதலாகப் பயனடைந்தனர் என்றும் 2007இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆகவே, கையைக் கட்டச் சொல்லும் ஆசிரியர் ஒழுங்கை நிலைநாட்டுவதாக எண்ணிக்கொண்டு குழந்தையிடமிருந்து ஒரு கருவியைப் பறிக்கிறார். கைகட்டி வாய்பொத்தி நிற்றல் கல்விக்கூடத்தில் பிறந்த நிலையும் அன்று. பண்ணையார் முன் கூலியாள் நின்ற நிலை அது. அதைப் பள்ளிக்குள் கொண்டுவந்து 'ஒழுங்கு' என்று பெயரிட்டவர்கள் எந்த ஒழுங்கைக் காத்தார்கள் என்பது வெளிப்படை.

கால்களைப் பற்றிய சான்றுகளும் உள்ளன. கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு உள்ள சிறுவர்கள் எல்லா நேரத்திலும் ஒரே அளவில் அசைவதில்லை. செயல்நினைவுக்கு வேலை கூடும்போது அசைவும் கூடுகிறது என்பதை மார்க் ராப்போர்ட்டின் குழுவினர் 2009இல் காட்டினர். அக்குழுவைச் சார்ந்த 2015ஆம் ஆண்டு ஆய்வு ஒரு படி மேலே சென்றது: அச்சிறுவர்கள் கூடுதலாக அசைந்த வேளைகளில் அவர்களின் செயல்நினைவு மேம்பட்டிருந்தது. 2014இல் ஸ்டான்ஃபோர்டில் மேரிலி ஒபெசோவும் டேனியல் ஸ்வார்ட்ஸும் பெரியவர்களிடம் செய்த சோதனைகளில், நடப்பவர்கள் உட்கார்ந்திருப்பவர்களைவிட அதிகமான புதிய எண்ணங்களைச் சொன்னார்கள். கற்பனையில் ஆழ்ந்திருக்கும்போது உடலைத் திரும்பத் திரும்ப அசைக்கும் குழந்தைகளை அதே ஆண்டில் சாலி ராபின்சனும் உடனாய்வாளர்களும் ஒரு தனிக் குழுவாக விவரித்தனர். அந்த அசைவுகளின்போது அக்குழந்தைகள் மனத்துக்குள் தெளிவான காட்சிகளைக் கண்டு மகிழ்ந்துகொண்டிருந்தனர்.

இச்சான்றுகளின் எல்லையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2015ஆம் ஆண்டு ஆய்வில், குறைபாடு இல்லாத சிறுவர்களுக்கு அசைவு உதவவில்லை. மாறான விளைவே தெரிந்தது. நடத்தல் புதிய எண்ணங்களுக்கு உதவிற்று. ஒரே சரியான விடையைத் தேடும் பணிக்கு அவ்வாறு உதவவில்லை. எல்லாக் குழந்தைகளும் எப்போதும் நடந்தால் நன்று என்பது முடிவன்று. ஒரே உடல்நிலையை எல்லாக் குழந்தைகளுக்கும் விதிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்பதே முடிவு. அசைபவன் மேதை என்று போற்றுவதும் அசைபவன் மூடன் என்று அடிப்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள். இரண்டிலும் குழந்தை பார்க்கப்படவில்லை, கால் மட்டுமே பார்க்கப்படுகிறது.

மருத்துவப் பெயரிடலின் கதையும் இத்தகையதே. அமெரிக்க உளமருத்துவக் கையேடு 1980இல் 'கவனக்குறைவுக் கோளாறு' என்றும், 1987இல் மிகையியக்கத்தைச் சேர்த்தும் பெயரிட்டது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும் என்றும், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சூழல்களில் காணப்பட வேண்டும் என்றும், வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும் என்றும் நிபந்தனை விதிக்கிறது. வகுப்பறையில் மட்டும் எழுந்து நடக்கும் குழந்தையை அந்நிபந்தனை நோயாளி என்று சொல்லவில்லை. உண்மையிலேயே குறைபாடுள்ள குழந்தைகள் உண்டு; அவர்களுக்கு மருத்துவரும், சிலருக்கு மருந்தும் தேவை; அதை மறுப்பது கொடுமை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் இக்குறைபாடு தனித்து இடம்பெறவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இரட்டைக் கேடு விளங்கும். பெயர் தேவைப்படாத குழந்தைக்குப் பெயர் சூட்டப்படுகிறது. உதவி தேவைப்படும் குழந்தைக்கோ பெயரால் கிடைக்கும் பாதுகாப்பு இல்லை.

'இதெல்லாம் மேலைநாட்டுப் பேச்சு' என்பவர்களுக்குப் பழைய சித்தூர் மாவட்டமே விடை தருகிறது. 1895இல் மதனப்பள்ளியில் பிறந்த ஒரு சிறுவன், வகுப்பில் கனவு கண்டுகொண்டிருக்கிறான் என்பதற்காக மந்தபுத்திக்காரன் எனக் கருதப்பட்டு ஆசிரியரிடம் ஓயாது அடி வாங்கினான். ஜே. கிருஷ்ணமூர்த்தி என்று பின்னாளில் உலகம் அறிந்தவர் அவர். நெடுநடை அவருக்கு வாழ்நாள் வழக்கமாயிற்று. அவரைப் பிரம்மஞான சபையினர் கண்டெடுத்தது ஒரு தற்செயல். கண்டெடுக்கப்படாமல் அடி மட்டும் வாங்கிய மற்றச் சிறுவர்களுக்கு வரலாறு இல்லை. வாதத்துக்கு வேண்டியவர்கள் அவர்களே. மேதையாகப் போகிறான் என்பதற்காக ஒரு குழந்தையை அடிக்காமலிருப்பது அறமாகாது.

மதனப்பள்ளிக்கு அருகில் அவர் தோற்றுவித்த ரிஷிவேலியில், 1980களின் இறுதியிலிருந்து பத்மநாப ராவும் ரமாவும் சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காக ஒரு முறையை உருவாக்கினர். பாடநூலைச் சிறு அலகுகளாகப் பிரித்து அட்டைகளாக்கினர். குழந்தை சுவரிலுள்ள ஏணிப்படத்தில் தன் இடத்தைப் பார்க்கும்; எழுந்து சென்று தட்டிலிருந்து தனக்குரிய அட்டையை எடுக்கும்; அட்டையின் சின்னம் காட்டும் குழுவில் போய் அமரும்; முடித்ததும் மீண்டும் எழும். ஒரு குழு ஆசிரியரோடு, ஒரு குழு சக மாணவரோடு, சிலர் தனியே. அங்கே அசைவு ஒழுங்கின் மீறலாக இல்லை; ஒழுங்கே அசைவின்மேல்தான் கட்டப்பட்டிருந்தது. நிலைகொள்ளாத குழந்தைக்குத் தனிச் சலுகை தேவைப்படவில்லை. எழுந்து நடக்க அதற்கு நாள் முழுவதும் காரணம் இருந்தது.

இம்முறையைக் கண்டுவந்துதான் எம். பி. விஜயகுமாரின் முன்முயற்சியில் 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007இல் அது தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்குப் பரவியது. பெஞ்சுகள் வெளியேறின, ஆசிரியர் தரையில் குழந்தைகளோடு அமர்ந்தார், சுவரின் அடிப்பகுதியில் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகைகள் வந்தன. எதிர்ப்பும் வந்தது. அட்டைகளின் பராமரிப்பு, பதிவேடுகளின் சுமை, மேலிருந்து திணித்த முறை என்று ஆசிரியர்கள் முன்வைத்த குறைகளில் நியாயம் இருந்தது. ஆனால் பொதுவெளியில் உரக்கக் கேட்ட குற்றச்சாட்டு வேறு: 'வகுப்பு வகுப்பு மாதிரியே இல்லை, பிள்ளைகள் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.' எது கற்றார்கள் என்று கேட்காமல் எப்படி உட்கார்ந்தார்கள் என்று கேட்ட சமூகம் அது. 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் செயல்பாடுகளை மீட்டாலும், வரிசை பெஞ்சும் கழுத்துப்பட்டையும் உள்ள தனியார் பள்ளியே 'உண்மையான பள்ளி' என்ற எண்ணம் இன்றும் அசையவில்லை. அசையாதிருப்பது அந்த எண்ணம் ஒன்றே.

திருமலையின் தர்மகிரியில் தேவஸ்தானம் வேதபாடசாலை நடத்துகிறது. சுரங்களின் ஏற்ற இறக்கத்தைத் தலையசைவாலும் கையசைவாலும் மாணவனின் உடலில் பதியவைப்பது வேதக் கல்வியின் தொன்மையான உத்திகளுள் ஒன்று. உடல் நினைவின் துணைவன் என்பதை அம்மரபு நன்கு அறிந்திருந்தது. அறிந்ததைச் சில குலத்தாருக்குள் மட்டும் வைத்துக்கொண்டது. ஆகவே, உடலசைவால் கற்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று. எல்லாக் குழந்தைக்கும் அதைத் தருவதுதான் புதிது.

இனி, நாற்பது குழந்தைகள் உள்ள அறையில் ஒருவன் நடந்தால் மற்றவர்கள் என்னாவது என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி. அறையின் பின்புறம் நின்றபடியோ நடந்தபடியோ படிக்க ஒரு கோடு, ஒப்பிக்கத் தாழ்வாரம், நோட்டுகளை எடுத்துவரும் பொறுப்பு, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாரும் எழுதல். இவற்றுக்கு நிதி ஒதுக்கீடு வேண்டாம். அழைத்தால் நிற்கிறதா, பிறரைத் தொல்லை செய்கிறதா, அச்சத்தாலோ துயரத்தாலோ நடக்கிறதா என்று குழந்தையைக் கவனிக்கும் பொறுமை மட்டும் வேண்டும். துயரத்தின் அறிகுறியாயின் உதவி. சிந்தனையின் துணையாயின் இடம். அடிப்பதற்கோ, வகுப்புக்கு முன் நிறுத்தி இழிவுபடுத்துவதற்கோ எந்த நிலையிலும் இடமில்லை. உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது.

வாய்மொழித் தேர்வுக்கு முன் பல்கலைக்கழகத் தாழ்வாரங்களில் குறுக்கும் நெடுக்கும் நடப்பவர்கள் ஆய்வு மாணவர்கள். கருத்தரங்கில் மேடையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு உலாவியபடி உரையாற்றுபவர்கள் பேராசிரியர்கள். அவர்களின் நடை 'ஆழ்ந்த சிந்தனை' என்று மதிக்கப்படுகிறது. பட்டம் பெற்ற பின் கிடைக்கும் அந்த உரிமை, சிந்திக்கப் பழகும் வயதில் மட்டும் ஏன் குற்றமாகிறது? ஆசிரியர் பயிற்சியில் வகுப்பின் அமைதியை அளந்து மதிப்பெண் இடுபவர்களும், 'அமைதியற்ற மாணவன்' என்ற தொடரை விளக்கமின்றி ஆய்வேடுகளில் எழுதுபவர்களும் இக்கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள். உட்காரச் சொல்பவரே காரணம் சொல்ல வேண்டும். எழுந்து நடக்கும் குழந்தை அன்று.