மாப்பிள்ளைக்கு ஆறு வாரம் காத்திருப்பு

போன வாரம் அம்மா போன் பண்ணாங்க. "என்னடா சமையல்?"னு வழக்கமான கேள்வி. "இரும்மா, மாப்பிள்ளைக்கு வெள்ளரிக்கா நறுக்கிட்டு இருக்கேன்"னு வாய் தவறிச் சொல்லிட்டேன். எந்த மாப்பிள்ளை, யார் வீட்டு மாப்பிள்ளைனு விளக்கி முடிக்க இருபது நிமிஷம் ஆச்சு. எல்லாம் கேட்டுட்டு கடைசியில ஒண்ணு சொன்னாங்க: "ஆம்பளைக்கு ஆபரேஷன் பண்ணி விட்டுட்டு, அப்புறம் எதுக்குடா பொண்ணு பாக்கறீங்க?"

நியாயமான கேள்விதான். மூணு மாசம் முன்னாடி நானும் இதையேதான் கேட்டேன்.

விஷயம் என்னன்னா, ம்யூன்ஸ்டர்ல நான் இருக்கற வீட்டுல கூடத் தங்கியிருக்கற ஜெர்மன் தோழிகிட்ட ரெண்டு பெண் கினிப் பன்றிகள் இருந்தது. ஜெர்மன்ல இதுக்குப் பேரு 'கடல் பன்றிக்குட்டி'. கடலும் இல்ல, பன்றியும் இல்ல. ஆண்டீஸ் மலைக்காரங்க ஆயிரக்கணக்கான வருஷமா சாப்பிடறதுக்காக வளர்த்த பிராணி. நமக்குத் தெரிஞ்சதெல்லாம் சோதனைச்சாலை கினிப் பன்றிதான். 1882ல ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை நிரூபிச்சதே பெர்லின்ல இதுங்க உடம்புலதான். இப்ப அதே ஊர்க்காரங்க இதுக்குத் துணை தேடி அலையறாங்க :-)

ரெண்டுல ஒண்ணு ஜனவரியில வயசாகிச் செத்துப் போச்சு. மிச்சம் இருந்தது குண்டம்மா (நான் வெச்ச பேரு). ஃப்ரிட்ஜ் திறக்கற சத்தம் கேட்டா விசில் அடிச்சு வீட்டையே எழுப்பறவ, சத்தமே இல்லாம மூலையில உக்காந்துட்டா. சுவிட்சர்லாந்துல இதை ஒண்டியா வளர்க்கக் கூடாதுனு 2008லேயே சட்டம். ஜெர்மனியில அப்படித் தனிச் சட்டம் இல்லைன்னாலும், பல காப்பகங்கள்ல தனியா வளர்க்கப் போறேன்னு சொன்னா கொடுக்க மாட்டாங்க. தோழி போய்க் கேட்டதுக்கு ஒரு ஆணைக் கொடுத்தாங்க. அப்பதான் கருத்தடை ஆபரேஷன் முடிஞ்சு தையல் கூட ஆறலை. கூடவே ஒரு நிபந்தனை: ஆபரேஷன் நாள்லேர்ந்து ஆறு வாரத்துக்குப் பொண்ணு பக்கமே விடக் கூடாது.

எனக்குக் கோவம். வியாதி இல்லாத பிராணிமேல கத்தி வைக்கறது என்ன நியாயம்? நம்ம ஊர்ல தெருநாய்க்குப் பண்றது வேற கதை. சென்னையில புளூ கிராஸ் 1964லேயே ஆரம்பிச்சது அது. கொன்னு குவிக்கறதுக்கு அது எவ்வளவோ மேல். வீட்டுக்குள்ள இருக்கற ஒரு கையளவு பிராணிக்கு எதுக்கு?

அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கர்ப்ப காலம் சுமார் 68 நாள். குட்டி போட்ட சில மணி நேரத்துலேயே தாய் திரும்பச் சினையாகலாம். பிறக்கற பெண் குட்டி ஒரு மாசத்துலேயே பருவத்துக்கு வந்துடும். ஆக, ஆபரேஷன் பண்ணாத ஆணுக்கு ரெண்டே வழி: பொண்ணுங்க வாசமே படாத இடத்துல இன்னொரு ஆணோட ஒத்துப் போகணும், இல்லைன்னா ஆயுசுக்கும் ஒண்டிக்கட்டை. உறுப்பை எடுக்கறதைப் பொதுவாத் தடை பண்ற ஜெர்மன் விலங்குப் பாதுகாப்புச் சட்டமும், கட்டுப்பாடில்லாத இனப்பெருக்கத்தைத் தடுக்கறதுக்கு ஆறாவது பிரிவுல விலக்கு கொடுத்திருக்கு. இவனுக்கு அந்தக் கத்திதான் துணை கிடைக்கறதுக்கான டிக்கெட். இப்ப என் கட்சி அதுதான்.

ஆனா ஆறு வாரம்? அதை நான் சும்மா சம்பிரதாயம்னு நினைச்சேன். இங்கதான் மக்களே, நான் மாட்டினேன்.

ரெண்டாவது வாரம் தோழி ஊருக்குப் போயிருந்தா. மாப்பிள்ளை என் ரூம்ல ராத்திரி பூரா கீச் கீச். அந்தப் பக்கம் குண்டம்மா பதில் கொடுக்கறா. ஆபரேஷன்தான் முடிஞ்சாச்சே, இனிமே என்னனு அவனைத் தூக்கிட்டுப் போய் அவ கூண்டுல விட்டேன். பத்து நிமிஷம். அவன் பண்ணின ஆர்ப்பாட்டத்தைப் பார்த்துப் பயந்து திரும்ப எடுத்துட்டேன்.

தோழி வந்ததும் சொன்னேன். அவ முகம் வெளுத்துப் போச்சு. விதைப்பையை எடுத்தாலும் குழாய்ல ஏற்கெனவே இருக்கற விந்து வாரக்கணக்கா உயிரோட இருக்குமாம். குண்டம்மாவுக்கு மூணு வயசு, ஒரு தடவைகூடக் குட்டி போட்டதில்ல. அந்த வயசுல இடுப்பெலும்பு விரிஞ்சு கொடுக்காது. குட்டிங்களோ முடி, பல், திறந்த கண்ணோட பெருசாப் பிறக்கும். முதல் பிரசவத்துலேயே தாய் போயிடலாம். சிசேரியன்லயும் பிழைக்கறது சந்தேகம்.

அப்புறம் எழுபது நாள் தினமும் காலையில சமையல் தராசுல குண்டம்மாவை எடை போட்டேன். இருபது கிராம் கூடினா எனக்குச் சோறு இறங்காது. நல்லவேளை, ஒண்ணும் ஆகலை. பதினாறு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் சில மணி நேரம்தான் பெண் இணங்கும். அந்த நேரமா அது அமையலை, அவ்வளவுதான். என் புத்திசாலித்தனத்துக்கு இதுல ஒரு பங்கும் இல்ல.

ஆறு வாரம் முடிஞ்ச சனிக்கிழமைதான் நிஜமான பொண்ணு பார்க்கும் படலம். யாருக்கும் சொந்தமில்லாத இடம் வேணும்னு சமையலறைத் தரை. பழைய பெட்ஷீட், மூணு இடத்துல வைக்கோல், ரெண்டு ரெண்டு வாசல் வெட்டின அட்டைப்பெட்டிகள் (ஒரு வாசல்னா உள்ள மாட்டிக்கிட்டு அடி வாங்கும்). நிறுத்தி வெச்ச புல்லட் மாதிரி உறுமிக்கிட்டு, இடுப்பை ஆட்டி ஆட்டி மாப்பிள்ளை சுத்தி வந்தார். குண்டம்மா திரும்பி நின்னு அவர் மூஞ்சியிலேயே மூத்திரம் பீச்சினா. அதுதான் பிடிக்கலைங்கறதுக்கு அவங்க மொழி. அப்புறம் துரத்தல், பல்லைக் கடகடன்னு அடிக்கறது. பிரிச்சு விடலாம்னு நான் எழுந்தா, தோழி டீ டம்ளரைக் கையில கொடுத்து உக்கார வெச்சா. ரத்தம் வராத வரைக்கும் தொடாதே, பிரிச்சா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்னா. சாயங்காலம் ரெண்டும் ஒரே வைக்கோலைத் தின்னுட்டு இருந்தது.

இது வெறும் சென்டிமென்ட் இல்ல. இதே ம்யூன்ஸ்டர் பல்கலைக்கழகத்துல நார்பெர்ட் சாக்ஸர்னு ஒரு விலங்கியல் பேராசிரியர் வருஷக்கணக்கா இந்தப் பிராணியைத்தான் ஆராய்ஞ்சார். புது இடத்துல விட்ட ஆணுக்கு மன அழுத்த ஹார்மோன் ஏறுது. கூட நெருக்கமான பெண் துணை இருந்தா அவ்வளவா ஏறலை. முன்பின் தெரியாத பெண்ணை வெச்சா அந்த அளவுக்குப் பலன் இல்ல. 'ஏதோ ஒரு ஜோடி' போதாது, பழகின ஜோடி வேணும். அந்தப் பழக்கம் உண்டாகத்தான் அந்த மூத்திர அபிஷேகத்தை எல்லாம் பொறுத்துக்கணும்.

நம்ம ஊர்ல 'ஜோடி'னு கூண்டுல போட்டு வித்தா, எது ஆண் எது பெண்ணுன்னு கேட்டுட்டு வாங்குங்க. ஆபரேஷனுக்கு இவ்வளவு சின்னப் பிராணிக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகின டாக்டர் வேணும், அது விளையாட்டில்ல. அப்படி டாக்டர் பக்கத்துல இல்லைன்னா ரெண்டும் பெண்ணா எடுத்துட்டுப் போங்க.

அம்மாகிட்ட இதையெல்லாம் சொல்லி முடிச்சேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அதுக்குப் பாத்துட்ட. உனக்கு எப்படா?"ன்னாங்க. வெள்ளரிக்கா காயுதும்மா, அப்புறம் பேசறேன்னு வெச்சுட்டேன்.