தனிமரம் தோப்பாகுமா?

அமெரிக்காவில் வெள்ளையர் கல்லூரிகள் கதவடைத்த காலத்தில் கறுப்பின மக்களுக்கென எழுந்தவை கறுப்பர் கல்லூரிகள். ஒரே வட்டாரத்தில் அவற்றின் பழைய மாணவர் சங்கங்கள் பல தனித்தனியே இயங்குகின்றன. அவை இணைந்து ஒரு பேரவை கண்டால் தத்தம் கல்லூரியின் தனிப்பெருமை மங்கிவிடும் என்று அஞ்சுவார் உளர்.

இவ்வச்சம் பொருளற்றது. 1944இல் டஸ்கீகி கல்வி நிலையத் தலைவர் பிரெடரிக் பேட்டர்சனின் முயற்சியால் 27 கல்லூரிகள் ஒரே நிதியத்தின்கீழ் ஒன்றுகூடின. கூடியதனால் எக்கல்லூரியும் தன் பெயரை இழந்ததில்லை. பெயரை விழுங்குவது கூட்டுறவன்று, வறுமையே. வர்ஜீனியாவில் 1888இல் தோன்றிய செயின்ட் பால் கல்லூரி, பணமுடையில் தவித்து 2013இல் மூடப்பட்டதே!

சங்கத்துக்கொரு வாக்கு, தனித்தனிக் கணக்கு. மாணவர் சேர்க்கையும் உதவித்தொகையும் மட்டும் பொது. இவ்வாறமையும் பேரவை யாருடைய பெருமையைக் குறைக்கும்? போட்டி பந்தாட்டத் திடலோடு நிற்கட்டும்; ஏழை மாணவன் முன் சங்கங்கள் ஒன்றாக நிற்கட்டும்.