பறிக்குமுன் ஒரு கேள்வி



திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வந்து ஓதும் மாணவன் ஒருவனின் கிதாபுக்குள் வேற்றுக்கிரகவாசிகளின் பட அட்டைகளைக் கண்டேன். சூதென்று எண்ணிப் பறித்துக்கொண்டேன். "ஹஜ்ரத், நான் பந்தயம் வைக்கவில்லை. சவூதியிலிருந்து அத்தா அனுப்பியவை" என்று விம்மினான்.

1962இல் அமெரிக்காவின் டாப்ஸ் நிறுவனம், செவ்வாய்க் கிரகத்தாரின் படையெடுப்பை 'மார்ஸ் அட்டாக்ஸ்' என்னும் 55 அட்டைகளாக வெளியிட்டது. படங்கள் கொடூரமானவையெனப் பெற்றோர் எதிர்க்கவே விற்பனை நிறுத்தப்பட்டது. ஆயினும் 1996இல் அதுவே திரைப்படமாயிற்று. தடையால் மட்டும் ஆசை அணைவதில்லை.

தோற்றவனின் அட்டையை வென்றவன் எடுத்துக்கொண்டால் அது சூதே. தடுப்பது நம் கடமை. சேர்த்து வைப்பதும், மனமொப்பி மாற்றிக்கொள்வதும் சூதாகா. மறுநாள் அட்டைகளைத் திருப்பித் தந்து, அச்சிறுவனிடம் மன்னிப்பும் கேட்டேன்.

பறிக்குமுன் கேளுங்கள்: "இது உனக்கு எப்படிக் கிடைத்தது?"