கமிஷனைக் கொடுக்க வேண்டியது தோட்டம்



விடியுமுன் கம்பத்திலும் கூடலூரிலும் தேவாரத்திலும் போடியிலும் தூக்குவாளியோடு ஜீப்புக்கு நிற்கிற உங்களைத்தான் கேட்கிறேன். குமுளி வழியாகவும், கம்பம்மெட்டு வழியாகவும், போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவு ஏறியும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறோம். தோட்டத்து முதலாளி நம் தலைக்கு என்ன கூலி கொடுக்கிறார்? நம் கைக்கு வருவது தெரியும். அவர் கொடுத்தது எவ்வளவு?

பதினோரு வருடம் காயெடுக்கப் போன எனக்கு அது கடைசிவரை தெரியவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஜீப்புக்காரர் எண்ணிக் கொடுப்பார். வாடகை, கமிஷன், அட்வான்ஸ் எல்லாம் கழித்தாயிற்று என்பார். கழித்த கணக்கு அவருடைய நோட்டில் இருந்தது. மகளுக்குக் காய்ச்சல் என்று ஒரு வாரம் வீட்டில் இருந்தேன். திரும்பிப் போனபோது அட்வான்ஸ் கூடியிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு அடுத்த நாள் ஜீப்பில் எனக்கு இடமில்லை.

நம் பூட்டன்மாரை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோன கங்காணிகளும் ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்கியவர்கள்தான். கடனை ஒரு துண்டில் எழுதி, அதைக் கட்டுகிற தோட்டத்துக்கு ஆளையே மாற்றிவிடுவார்கள். அந்தத் துண்டு முறையை 1921இல் அங்கே சட்டம் போட்டு ஒழித்தார்கள். இன்றைக்கு நம் தெருவில், அட்வான்ஸ் தீராமல் வேறு ஜீப்பில் ஏறாதே என்கிறார்கள்!

மாநிலம் விட்டு மாநிலம் போய் வேலை செய்பவர்களுக்கென்று 1979இலேயே சட்டம் வந்தது. ஐந்து பேரைக் கூட்டிப்போனாலே ஒப்பந்தக்காரருக்கு லைசென்ஸ் வேண்டும்; நம் போட்டோ ஒட்டி, கூலியும் பிடித்தமும் எழுதிய பாஸ்புக் தர வேண்டும் என்றது அது. அப்படி ஒரு பாஸ்புக்கை நம்மில் யார் கண்டோம்? 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய சட்டத் தொகுப்பு. ஒப்பந்தத் தொழிலாளியிடம் நேராகவோ சுற்றிவளைத்தோ கமிஷன் வாங்கக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். நல்ல வார்த்தை. ஆனால் அந்தப் பகுதி 50 பேரிலிருந்துதான் தொடங்குகிறது. ஜீப்புக்கு 15 பேர் என்றால் மூன்று ஜீப் விடுகிறவரிடம் 45 பேர். அவர் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்.

வளைகுடாவுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட் அரசிடம் பதிவு செய்து ஜாமீன் கட்டியிருக்க வேண்டும். அவர் வாங்கும் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயையும் ஜிஎஸ்டியையும் தாண்டக் கூடாது. மெட்டு தாண்டி அனுப்புகிறவருக்கு மட்டும் ஏன் வரம்பில்லை? வேலை தேடுகிறவரிடம் கட்டணமே வாங்கக் கூடாது என்கிறது உலகத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் வருடத்து 181ஆம் உடன்படிக்கை. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. சத்தீஸ்கர் 2013இல் தனியார் ஏஜென்சிகளுக்கென்றே சட்டம் போட்டது. தமிழ்நாடும் கேரளாவும் சேர்ந்து உட்கார்ந்து நமக்கு ஒன்று செய்ய வேண்டும்: ஐந்து பேரைக் கூட்டிப்போனாலும் பதிவு. ஜீப் வாடகையும் கமிஷனும் தோட்டத்தின் பொறுப்பு. கூலி எழுதிய தமிழ்ச் சீட்டு ஒவ்வொரு பெண் கையிலும்.

ஜீப்புக்காரர் நம் தெருக்காரர். பள்ளிக்கூடம் திறக்கும்போது பீஸ் கட்டப் பணம் தந்தவர், அதை நான் மறக்கவில்லை. அவருக்கு உள்ளதை முதலாளி கொடுக்கட்டும் என்றுதான் கேட்கிறோம். அவரையும் கூப்பிடுங்கள், வரட்டும்.

பயப்படுகிறவர்கள் மூணாறை நினைத்துக்கொள்ளுங்கள். 2015 செப்டம்பரில் நம்மைப் போன்ற தமிழ்ப் பெண்கள்தான், சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவைத்துவிட்டு, ரோட்டில் உட்கார்ந்தார்கள். ஒன்பது நாளில் 20 சதவீத போனஸ் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள்.

மழை விழுந்து காயெடுப்பு தொடங்கிவிட்டால் நமக்கு ஒரு நாள் மிஞ்சாது. அதற்கு முன்பே, மே 1 கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். எழுதிக் கையெழுத்தாகும்வரை எழுந்திருக்காதீர்கள். கிராம சபை இல்லாத நகராட்சி, பேரூராட்சியில் இருப்பவர்கள் தேனி கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு மனுவோடு வாருங்கள். தனியாக வராதீர்கள், ஒரு ஜீப் ஆள் மொத்தமாக வாருங்கள். இன்று ராத்திரியே ஒரு நோட்டுப் போடுங்கள்: தேதி, தோட்டம், ஏறிய நேரம், இறங்கிய நேரம், கைக்கு வந்த காசு. எழுதத் தெரியாதவருக்கு வீட்டுப் பிள்ளை எழுதட்டும். திங்கட்கிழமை அந்த நோட்டும் கையில் இருக்க வேண்டும்.